பழைய தோல் தொழிற்சாலை நிலத்தை மீட்பது எப்படி: முதன்முறை இறங்குகிறவர்களுக்கு

மூடிக் கிடக்கும் தோல் தொழிற்சாலை நிலம் ஒருவர் கைக்கு வந்ததும், முதல் வேலையாக ஜேசிபியை வரவழைத்து மேல்மண்ணை வாரிக் கொட்டத்தான் மனம் போகும். அதைச் செய்யாதீர்கள். நச்சு ஒரு மூலையில் இருபது டன் மண்ணில் இருந்திருக்கும். வாரி, தள்ளி, சமன் செய்த பிறகு அது இருநூறு டன்னில் பரவிவிடும். அபாயக் கழிவை டன் கணக்கில்தான் காசு கொடுத்து அனுப்ப வேண்டும் என்பதால், அந்த ஒரு நாள் வேலை மொத்தச் செலவையும் பல மடங்காக்கிவிடும். எந்த நச்சு, எந்த வடிவில், எவ்வளவு ஆழத்தில், எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் இந்த வேலையில் பாதி.

பாலாற்றுப் படுகையை, அதாவது வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கத்து நிலங்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறோம். திண்டுக்கல், ஈரோடு தோல் ஷாப்புகளுக்கும் (தோல் பதனிடும் ஆலைகளுக்கும்) பெரும்பகுதி பொருந்தும்.

முதல் வேலை காகிதத்தில்

வில்லங்கச் சான்றைக் குறைந்தது முப்பது ஆண்டுக்கு எடுங்கள். யார் யார் கையில் நிலம் இருந்தது, எப்போது தொழிற்சாலைக்குக் குத்தகை போனது என்பது அதில் தெரியும். புல வரைபடத்தில் பழைய வாய்க்கால், ஏரிக் கால்வாய் எங்கே ஓடியது என்று பாருங்கள். அடங்கலில் பக்கத்துப் புலங்களில் எப்போது வரை பயிர் வைத்தார்கள் என்று இருக்கும். நெல் நின்று, பின்னால் தரிசு என்று பதிவாகியிருந்தால் கழிவுநீர் எந்தப் பக்கம் போனது என்பதற்கு அது ஒரு தடயம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த இசைவு ஆணைகளின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுப் படங்களைப் பின்னோக்கி ஓட்டினால், இன்று தரைமட்டமாகத் தெரிகிற இடத்தில் அன்று ஒரு குட்டை இருந்தது தெரியவரும்.

அதற்குப் பிறகு அங்கே வேலை பார்த்த பழைய ஆட்களைத் தேடிப் போங்கள். "கழிவு எங்கே போட்டீர்கள்?" என்று பொதுவாகக் கேட்டால் பதில் வராது. சுண்ணாம்புக் குழி எத்தனை, எந்த வரிசையில் இருந்தது? தோலைப் பதப்படுத்தும் டிரம் எந்தக் கொட்டகையில் சுற்றியது? உப்புத்தோல் எங்கே அடுக்கினீர்கள்? பாய்லருக்கும் ஜெனரேட்டருக்கும் டீசல் டாங்க் எங்கே? கசடு காயப்போட்ட தொட்டியை எதைக் கொண்டு மூடினார்கள்? இப்படிக் கேட்டால் கையை நீட்டிக் காட்டுவார்கள். ஒவ்வொன்றும் வேறு வேறு நச்சு. சுண்ணாம்புக் குழியில் சோடியம் சல்பைடு. தோல் அடுக்கிய இடத்தில் சாதா உப்பு. டிரம் கொட்டகையில் குரோமியம். டாங்கைச் சுற்றி எண்ணெய். பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் பூசிய பென்டாகுளோரோபீனால், மிகப் பழைய ஷாப்புகளில் ஆர்சனிக் சேர்மங்கள் ஆகியவற்றையும் பரிசோதனைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எந்தக் குரோமியம்?

புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். தோலைப் பதப்படுத்தும் குரோம் சல்பேட்டில் இருப்பது குரோமியம்-3. அது மண்துகளோடு ஒட்டிக்கொண்டு பெரும்பாலும் போட்ட இடத்திலேயே கிடக்கும். குரோமியம்-6 வேறு. தண்ணீரில் கரையும், நிலத்தடி நீரோடு ஓடும், தூசாக மூச்சில் போனால் நுரையீரல் புற்றுநோய் உண்டாக்கும், கையில் பட்டால் எளிதில் ஆறாத குழிப்புண் போடும்.

ஆய்வுக்கூட அறிக்கையில் "மொத்த குரோமியம் கிலோவுக்கு 3,000 மி.கி." என்று மட்டும் இருந்தால் அதை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது. 3,000-மும் மூன்றாம் வகையாக இருந்தால் அது ஒரு பிரச்சினை. அதில் 200 ஆறாம் வகையாக இருந்தால் முற்றிலும் வேறு பிரச்சினை. ராணிப்பேட்டை சிப்காட்டில் 1970களிலிருந்து 1990கள் வரை ஓடிய குரோமேட் ஆலை விட்டுச்சென்ற, இரண்டு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவுமேட்டின் தொல்லை ஆறாம் வகையால் வந்தது. மழை பெய்தால் மஞ்சள் நீர் கசிவது அதன் அடையாளம்.

தோல் ஷாப்பில் ஆறாம் வகை எப்படி வந்திருக்கும் என்று கேட்கலாம். முன்பெல்லாம் சோடியம் டைகுரோமேட்டை வாங்கி, அமிலமும் வெல்லப்பாகும் சேர்த்துக் குரோம் கரைசலைத் தாங்களே காய்ச்சிக்கொண்ட ஷாப்புகள் உண்டு. அந்தக் கிடங்கறையின் தரைக்கடியில் அது இருக்கும். குரோம் தோல் வெட்டுத் துண்டுகளை எரித்த இடத்துச் சாம்பலிலும் இருக்கலாம், ஏனென்றால் சூடும் காற்றும் சேர்ந்தால் மூன்றாம் வகை ஆறாக மாறும். பள்ளம் நிரப்ப வேறு ஆலையின் கழிவைக் கொண்டுவந்து கொட்டியதும் நடந்திருக்கிறது.

மண்மாதிரி எடுப்பது

சந்தேக இடங்களில் குறிவைத்து எடுப்பது ஒன்று, மீதி நிலத்தில் கட்டம் போட்டு எடுப்பது ஒன்று. இரண்டும் வேண்டும். கட்டத்தின் அளவுக்கு ஒரு கணக்கு உண்டு. எவ்வளவு பெரிய நச்சுத்திட்டு கண்ணில் படாமல் போகக்கூடாது என்று முதலில் முடிவு செய்யுங்கள். அந்தத் திட்டின் ஆரத்தை 0.59-ஆல் வகுத்தால், 95 சதவீத நம்பகத்தோடு அதைப் பிடிக்கும் சதுரக் கட்டத்தின் இடைவெளி கிடைக்கும். 20 மீட்டர் அகலத் திட்டு என்றால் ஆரம் 10, இடைவெளி சுமார் 17 மீட்டர். ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். அதற்கு 14 இடங்கள் வரும். செலவு மிச்சம் என்று நான்கு மூலைக்கு நான்கு எடுத்தால் எதுவும் தெரியாது. பத்து இடத்து மண்ணை ஒன்றாகக் கலந்து ஒரே மாதிரியாக அனுப்புவதும் அப்படியே: ஒரு இடத்துக் கடும் நச்சு ஒன்பது இடத்து நல்ல மண்ணில் கரைந்து, காகிதத்தில் நிலம் சுத்தமாகிவிடும்.

ஒவ்வொரு இடத்திலும் மேல் 15 செ.மீ., பிறகு அரை மீட்டர், ஒரு மீட்டர் என்று, கொட்டிய மண் முடிந்து இயற்கை மண் வந்து அரை மீட்டர் தாண்டும் வரை போங்கள். கைத்துளைப்பான் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். ஒவ்வொரு துளைக்கும் நடுவே சோப்புத் தண்ணீர், அப்புறம் வாலை வடிநீர் (டிஸ்டில்டு வாட்டர்) விட்டுக் கழுவுங்கள். பத்து மாதிரிக்கு ஒன்று இரட்டையாக எடுத்து வேறு எண் போட்டு அனுப்புங்கள். இரண்டு விடையும் பெரிதாக விலகினால் ஆய்வுக்கூடத்தையோ உங்கள் கையையோ சந்தேகிக்க வேண்டும். தொழிற்சாலை தொடாத, அதே வகை மண்ணுள்ள இடத்திலிருந்து மூன்று நான்கு மாதிரி கட்டாயம் எடுங்கள். மண்ணில் இயற்கையாகவே குரோமியம் உண்டு. அந்த இயல்பு அளவு தெரியாமல், பாறை கொடுத்ததைத் தொழிற்சாலை கொடுத்ததாக எண்ணித் தோண்டிக்கொண்டே போவீர்கள்.

கையில் பிடித்துப் பார்க்கும் எக்ஸ்ரே கருவியை வாடகைக்கு எடுத்தால் ஒரு புள்ளிக்கு ஒன்றரை நிமிடத்தில் மொத்த குரோமியம், ஈயம், ஆர்சனிக் தெரியும். ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் குறைத்துக் காட்டும். மண்ணை உலர்த்திப் பாருங்கள். குரோமியத்தின் வகையை அது சொல்லாது. அதற்குக் களத்திலேயே ஒரு வழி உண்டு. பத்து கிராம் மண்ணை நூறு மில்லி வாலை வடிநீரில் போட்டு நன்றாகக் குலுக்கி வடிகட்டுங்கள். தெளிந்த நீரில் நீர்த்த கந்தக அமிலம் சில சொட்டு, பிறகு அசிட்டோனில் கரைத்த டைபீனைல்கார்பசைடு சில சொட்டு. ஆறாம் வகை இருந்தால் பத்து நிமிடத்துக்குள் ஊதா நிறம் ஏறும். அளவு கூடக் கூட இளஞ்சிவப்பிலிருந்து அடர் ஊதா வரை போகும். கரையக்கூடியதை மட்டுமே இது காட்டும் என்பதால், நிறம் வரவில்லை என்றால் நிலம் சுத்தம் என்று பொருள் இல்லை. எந்த மாதிரியை ஆய்வுக்கூடத்துக்கு முதலில் அனுப்புவது என்று தீர்மானிக்க இது போதும்.

ஆய்வுக்கூடத்தில் ஒன்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: குரோமியம்-6 பார்க்கும் மண்ணைக் காரக் கரைசலில்தான் பிரித்தெடுக்க வேண்டும். வழக்கமான அமில முறையில் செரித்தால் ஆறாம் வகை அங்கேயே மூன்றாக மாறி, அறிக்கையில் "கண்டறியப்படவில்லை" என்று வரும். தண்ணீர் மாதிரி என்றால், பதப்படுத்தாத நிலையில் 24 மணி நேரத்துக்குள் பரிசோதித்தாக வேண்டும், பனிக்கட்டிப் பெட்டியில் போக வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை எடுத்தால் திங்கள் வரை மேசையில் கிடக்கும். திங்கள், செவ்வாயில் எடுங்கள்.

தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது?

மூன்று கண்காணிப்புக் கிணறாவது முக்கோணமாகப் போட வேண்டும். இரண்டை வைத்து ஓட்டத்தின் திசை தெரியாது. 50 மி.மீ. பிவிசி குழாய், நீர்மட்டத்தை ஒட்டிய பகுதியில் துளையுள்ள குழாய், சுற்றிலும் கூழாங்கல், அதற்கு மேல் பென்டோனைட் (ஈரம் பட்டால் உப்பி அடைக்கும்) களிமண் அடைப்பு. மாதிரி எடுக்குமுன் குழாயில் நிற்கும் தண்ணீரைப் போல மூன்று மடங்கை இறைத்து விடுங்கள். 50 மி.மீ. குழாயில் ஒரு மீட்டர் நீருக்கு ஏறக்குறைய 2 லிட்டர். 6 மீட்டர் நின்றால் 36 லிட்டர். இறைத்த நீரைத் தரையில் விடாமல் டிரம்மில் பிடித்து வையுங்கள்.

நிலத்தில் பழைய போர்வெல் இருந்தால் அதுவே மேல்நீரைக் கீழ்ப்பாறை வரை கொண்டுபோகும் குழாயாக இருக்கும். கல்லும் மண்ணும் போட்டு மூடினால் போதாது. சிமென்ட்-பென்டோனைட் கூழைக் குழாய் வழியாக அடியிலிருந்து மேலாக ஏற்றி அடைக்க வேண்டும்.

எண்களை எதோடு ஒப்பிடுவது?

குடிநீருக்கு இந்தியத் தரம் லிட்டருக்கு 0.05 மி.கி. மொத்த குரோமியம். மண்ணுக்குக் கனடாவின் வழிகாட்டி அளவுகளைப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள்: குடியிருப்பு நிலத்தில் கிலோவுக்கு மொத்த குரோமியம் 64 மி.கி., குரோமியம்-6 என்றால் 0.4 மி.கி.; தொழில் நிலத்தில் 87-ம் 1.4-ம். தோண்டிய மண்ணை எங்கே அனுப்புவது என்பதற்கு இன்னொரு சோதனை இருக்கிறது. மண்ணை நீர்த்த அமிலக் கரைசலில் 18 மணி நேரம் சுழற்றி, வடிந்த நீரில் குரோமியம் லிட்டருக்கு 5 மி.கி.யைத் தொட்டால் 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அது அபாயக் கழிவு. கும்மிடிப்பூண்டியில் உள்ளது போன்ற உரிமம் பெற்ற கிடங்குக்குப் படிவம் 10 (கழிவை ஏற்றி அனுப்பும் சீட்டு) உடன்தான் போக வேண்டும். 90 நாளுக்கு மேல் உங்கள் இடத்தில் குவித்து வைக்கவும் கூடாது.

இந்தச் செலவு யார் தலையில் என்பதற்கு, இதே பாலாற்றுத் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது அடிப்படை: மாசுபடுத்தியவரே செலுத்த வேண்டும். 2025 ஜூலையில் மத்திய அரசு மாசுபட்ட நிலங்களுக்கென்று தனி விதிகளையும் அறிவித்திருக்கிறது. முந்தைய உரிமையாளர் இருக்கிறார் என்றால், மண்ணைத் தொடும் முன்பே வாரியத்துக்கு எழுதிவிடுங்கள். நீங்கள் தோண்டிக் கலைத்த பிறகு எது யார் போட்டது என்று நிரூபிக்க வழி இருக்காது.

தோண்டி எடுப்பதா, அங்கேயே முறிப்பதா?

சிறிய, கடும் நச்சுத்திட்டைத் தோண்டி அனுப்புவது நல்லது. 300 சதுர மீட்டர், ஒன்றரை மீட்டர் ஆழம் என்றால் 450 கன மீட்டர், ஏறக்குறைய 800 டன். தோண்டினால் மண்ணின் கன அளவு கால் பங்கு கூடும். 560 கன மீட்டராகி, பத்து கன மீட்டர் டிப்பரில் 56 நடை வரும். ஒப்பந்தப் பேச்சில் கன மீட்டர் என்று மட்டும் சொன்னால் தரையில் கிடந்த அளவா, லாரியில் ஏறிய அளவா என்று பின்னால் சண்டை வரும். எடைப்பாலச் சீட்டுப்படி டன்னுக்கு என்று எழுதுங்கள்.

பரவலாக இருக்கும் குரோமியம்-6-ஐ மண்ணிலேயே மூன்றாம் வகையாக மாற்றலாம். அதற்கு எளிய பொருள் நம் நாட்டு மருந்துக் கடையிலும் இருக்கும் அன்னபேதி, அதாவது பெரஸ் சல்பேட். ஒரு கிலோ குரோமியம்-6-க்குக் கணக்குப்படி 16 கிலோ அன்னபேதி. ஒரு டன் மண்ணில் கிலோவுக்கு 200 மி.கி. இருந்தால், மொத்தம் 200 கிராம், அதற்கு 3.2 கிலோ. காற்றும் மண்ணின் மற்ற பொருள்களும் பங்கு கேட்கும் என்பதால் நடைமுறையில் பல மடங்கு ஆகும். எத்தனை மடங்கு என்பதை உங்கள் மண்ணே சொல்லட்டும். ஐந்து வாளியில் ஐந்தைந்து கிலோ மண் எடுத்து, கணக்களவைப் போல் 1, 2, 3, 5, 8 மடங்கு போட்டு, சேறு பதத்துக்குத் தண்ணீர் விட்டுக் கலந்து, ஒரு வாரம் மூடி வைத்துப் பரிசோதியுங்கள். மூட்டையைப் பிரித்ததும் நிறம் பாருங்கள். நல்ல அன்னபேதி இளம்பச்சையாக இருக்கும். மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறியிருந்தால் காற்றுப் பட்டு இரும்பு செத்துவிட்டது, திருப்பி அனுப்புங்கள். கலந்து முடித்து, ஊதா நிறச் சோதனையில் நிறம் வராமல் போன பிறகுதான் சுண்ணாம்பு சேர்த்து பி.எச். (அமில-காரத் தன்மையின் அளவு) 8 பக்கம் கொண்டுவர வேண்டும். சுண்ணாம்பை முன்னால் போட்டால் இரும்பு உடனே படிந்து பயனற்றுப் போகும்.

இதே காரணத்தால்தான் குரோமேட் ஆலைக் கழிவில் அன்னபேதி தோற்கிறது. அந்தக் கழிவின் பி.எச். 11, 12 இருக்கும். இரும்பு வேலை செய்யும் முன்பே படிந்துவிடும். அதோடு சல்பேட்டும் சுண்ணாம்பும் அலுமினியமும் சேர்ந்து எட்ரிங்கைட் என்ற படிகம் வளர்ந்து நிலம் பொருமும். மேலே போட்ட தரையும் சுவரும் வெடிக்கும். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் இத்தகைய கழிவைப் பள்ளம் நிரப்பப் போட்ட இடங்களில் இந்தப் பொருமல் கட்டடங்களைத் தூக்கியிருக்கிறது. உங்கள் நிலத்தில் சாம்பல்-மஞ்சள் நிறத்தில், மேலே மஞ்சள் உப்புப் பூத்த கொட்டுமண் இருந்தால் பி.எச். பார்க்காமல் எதையும் கலக்காதீர்கள். அங்கே அன்னபேதிக்குப் பதிலாகக் கால்சியம் பாலிசல்பைடு என்ற பொருள்தான் பெரும்பாலும் முயற்சி செய்யப்படுகிறது. அதை ஆய்வுக்கூடத்தில் சோதித்த பிறகே களத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

இன்னொரு பொறி, டீசல் சிந்திய இடம். எண்ணெயை முறிக்கப் பெர்மாங்கனேட் போன்ற ஆக்சிஜனேற்றிகளை விற்க வருவார்கள். குரோமியம் உள்ள மண்ணில் அதை ஊற்றினால் சும்மா கிடந்த மூன்றாம் வகை ஆறாக மாறிவிடும். டீசல் மண்ணைத் தனியே எடுத்துத் தார்ப்பாய் மேல் ஒன்றரை மீட்டர் உயரத்துக்குக் குவித்து, யூரியாவும் சூப்பர் பாஸ்பேட்டும் சேர்த்து, ஈரம் காத்து, காற்றோட்டம் கொடுத்தால் நுண்ணுயிரிகளே தின்றுவிடும். கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் 100:10:1 என்பது வழக்கமான தொடக்க விகிதம். எண்ணெய் 5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் உயிரிகள் பிழைக்காது. நல்ல மண் கலந்து குறைக்க வேண்டியிருக்கும்.

உப்புக்கு மருந்து கிடையாது. கோடையில் ஈரம் மேலே ஏறித் தரையில் வெள்ளையாகப் பூக்கும்போது மேலோட்டமாகச் சுரண்டி எடுப்பது எளிய வழி. தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு நிலத்தடிக்குத்தான் போகும்.

செடி வைத்துச் சுத்தம் செய்யலாமே என்று எல்லாரும் கேட்கிறார்கள். கணக்குப் பார்ப்போம். ஒரு ஏக்கரில் 30 செ.மீ. ஆழ மண் சுமார் 1,800 டன். கிலோவுக்கு 500 மி.கி. குரோமியம் குறைய வேண்டும் என்றால் 900 கிலோ வெளியே போக வேண்டும். ஒரு அறுவடையில் 4 டன் உலர்ந்த செடி கிடைத்து, அதில் கிலோவுக்கு 50 மி.கி. ஏறியிருந்தாலும் வெளியே போவது 200 கிராம். 4,500 அறுவடை வேண்டும்! குரோமியம் பெரும்பாலும் வேரிலேயே தங்கிவிடும் வேறு. வெட்டிவேர் நடுங்கள், கரை அரிக்காமலும் தூசு பறக்காமலும் இருக்க. சுத்தம் செய்யும் வேலையை அதனிடம் எதிர்பார்க்காதீர்கள். அந்தப் புல்லை மாட்டுக்கும் போடாதீர்கள்.

ஆட்களின் உயிர்

பழைய சுண்ணாம்புக் குழிக்குள்ளும் கசடுத் தொட்டிக்குள்ளும் யாரையும் இறக்காதீர்கள். உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். வாயு நூறு பி.பி.எம்.-ஐ (பத்து லட்சம் பங்கு காற்றில் நூறு பங்கை) தாண்டினால் மூக்கு மரத்துப்போய் நாற்றம் நின்றுவிடும். "இப்போது சரியாகிவிட்டது" என்று இறங்குகிறவர் மேலே வரமாட்டார், அவரைத் தூக்க இறங்குகிறவரும் வரமாட்டார். நாலு வாயுக்களை ஒன்றாக அளக்கும் கருவி இல்லாமல் வேலை கிடையாது. ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழோ, ஹைட்ரஜன் சல்பைடு 10 பி.பி.எம்.-க்கு மேலோ காட்டினால் எல்லாரும் விலக வேண்டும். வெளியிலிருந்து எந்திரக் கையால் அள்ளுங்கள். சல்பைடு கசட்டின் மேல் அமிலத்தையோ, அமிலத் தன்மையுள்ள அன்னபேதிக் கரைசலையோ ஊற்றவே கூடாது. அந்த நொடியே வாயு கிளம்பும்.

கசடு நிற்கும் தொட்டிச் சுவரை நம்பி அருகில் யாரையும் தங்கவைக்காதீர்கள். ராணிப்பேட்டையில் 2015 ஜனவரி 31 அன்று கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து பத்துத் தொழிலாளர்கள் தூக்கத்திலேயே இறந்தார்கள். கசட்டை முதலில் வடித்துக் குறைத்த பிறகே சுவரைத் தொட வேண்டும்.

தோண்டும்போது தண்ணீர் தெளித்துக்கொண்டே இருங்கள், தூசு கிளம்பக்கூடாது. ரப்பர் கையுறை, பூட்ஸ், தூசு வடிகட்டும் முகக்கவசம் வேண்டும். வேலை உடுப்பை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழமானால் பக்கச் சுவரைச் சரிவாக வெட்டுங்கள் அல்லது முட்டுக்கொடுங்கள். ஜனவரி முதல் மே வரைதான் தோண்டும் பருவம். மழைக்காலத்தில் திறந்து போட்ட குழி நச்சுக் கிணறாகிவிடும்.

மூடும் முன்

குழி தோண்டி முடிந்ததும் மண் நிரப்ப அவசரப்படுவார்கள். அடித்தரையில் நூறு சதுர மீட்டருக்கு ஒன்று, பக்கச் சுவரில் பத்து மீட்டருக்கு ஒன்று என்று மாதிரி எடுத்து, அறிக்கை கைக்கு வரும் வரை குழி திறந்தே இருக்கட்டும். எந்தச் சுவரில் அளவு மீறுகிறதோ அந்தப் பக்கம் இன்னும் அரை மீட்டர் வெட்டி மறுபடி எடுங்கள்.

நிரப்பும் மண்ணையும் சோதியுங்கள். பக்கத்து ஏரி வண்டல் மலிவாகக் கிடைக்கும். ஆனால் இந்த வட்டாரத்து ஏரிகள் சிலவற்றுக்கும் அதே கழிவுநீர்தான் போனது. 25 செ.மீ. அடுக்காகப் போட்டு இறுக்குங்கள்.

முழுவதும் எடுக்க முடியாத இடத்தில் மேலே மூடி போடலாம்: 60 செ.மீ. இறுகிய களிமண், 1.5 மி.மீ. எச்டிபிஈ பிளாஸ்டிக் விரிப்பு, வடிகால் மணல், மேல்மண். அடியில் கிடக்கும் நச்சு மண்ணுக்கு மேல் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத் துணி விரித்துவிடுங்கள், பிற்காலத்தில் கேபிள் புதைக்கத் தோண்டுகிறவர் அங்கேயே நிற்பார். அப்படி மூடிய நிலத்தில் கிடங்கு கட்டலாம், வண்டி நிறுத்தலாம். பள்ளிக்கூடமும் வீட்டுமனையும் வேண்டாம். போர்வெல் போடக் கூடாது என்பதைப் பத்திரத்திலேயே எழுதிப் பதிவு செய்யுங்கள், வரைபடத்தையும் இணைத்து.

அன்னபேதி கலந்த மண்ணை 28-ஆம் நாளும் ஆறாம் மாதமும் மறுபடி பாருங்கள். மண்ணில் மாங்கனீசு ஆக்சைடு இருந்தால் மூன்றாம் வகை மெல்ல ஆறாகத் திரும்பக்கூடும். கண்காணிப்புக் கிணறுகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை, குறைந்தது இரண்டு ஆண்டு பாருங்கள். மழைக்கு முன் எடுத்த எண்ணை மழைக்கு முன் எடுத்ததோடு மட்டுமே ஒப்பிடுங்கள். நவம்பரில் நீர்மட்டம் ஏறி, உலர்ந்திருந்த மண்ணை நனைக்கும்போது அளவு ஒரு முறை குதிக்கும். அடுத்த நவம்பரிலும் அதே உயரம் குதித்தால் எங்கோ ஒரு திட்டு விடுபட்டிருக்கிறது என்று பொருள். அளவு குதித்த கிணற்றிலிருந்து, தண்ணீர் வரும் மேட்டுப்பக்கமாகப் பத்து மீட்டர் கட்டமாகத் துளை போட்டுத் தேடத் தொடங்குங்கள்.